அவசரத்தில் அவசரப்படாதே

எங்கள் ஊரில் கோடை விடுமுறை என்றாலே கிணறுதான். தோட்டத்துக் கிணற்றுத் திட்டிலிருந்து தொபுக்கடீரென்று குதிப்போம். அதில் ஒரு போட்டி உண்டு. அடிமண் எடுப்பது என்று பெயர். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலைகீழாக உள்ளே போக வேண்டும். தரையைத் தொட்டு, ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து, கையை விரித்துக் காட்ட வேண்டும். சேறு இருந்தால் வெற்றி. "தொட்டுட்டேன்டா, வர்ற வழியிலே கரைஞ்சு போச்சு" என்று சொல்கிறவனை ஒருத்தனும் நம்ப மாட்டான்.

நான் பெரும்பாலும் பாதி வழியில் திரும்பிவிடுவேன். காது 'கும்'மென்று வலிக்கும். மூச்சு முட்டும். அவ்வளவுதான், காலை உதைத்து ஒரே பாய்ச்சலில் மேலே வந்து 'ஹா' என்று வாயைத் திறப்பேன். மூச்சை அடக்கு, முட்டினால் விருட்டென்று மேலே வா. கிணறு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இந்த இரண்டும்தான்.

பல வருடம் கழித்து, முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா பயிற்சிக்குப் போனேன். முதல் வகுப்பில் பயிற்சியாளர் சொன்ன முதல் விதி: "உள்ளே இருக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது." இரண்டாவது விதி: "என்ன நடந்தாலும் விருட்டென்று மேலே வரக் கூடாது."

கிணறு சொன்னதற்கு நேர் எதிர்! எனக்குத் தலை சுற்றியது.

இன்னும் குழப்பமான ஒன்றைச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கம், நம் ஆட்கள் பல நூற்றாண்டுகளாக முத்துக் குளித்திருக்கிறார்கள். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு சர்ரென்று கீழே இறங்குவார்கள். மூச்சை அடக்கியபடியே சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார்கள். மேலே படகில் இருப்பவர் மளமளவென்று இழுத்துவிடுவார். மூச்சை அடக்கினார்கள், விருட்டென்று மேலே வந்தார்கள். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆழத்திலிருந்து ஸ்கூபா உருளை மாட்டிய ஒருவர் இதையே செய்தால் உயிரே போகலாம். இரண்டு பேருக்கும் இருப்பது மனித நுரையீரல்தான். பிறகு என்ன வித்தியாசம்?

விடை தெரிய ஒரு வாளித் தண்ணீரும் ஒரு டம்ளரும் வேண்டும். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாய்க்காமல், நேராகத் தண்ணீருக்குள் அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் ஏறாது. அங்கே காற்று உட்கார்ந்திருக்கிறது. இப்போது கற்பனையில் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் எட்டிப் பார்த்தால் பாதி டம்ளர் வரை தண்ணீர் ஏறியிருக்கும். காற்று எங்கும் ஓடிப்போகவில்லை. நெருங்கி உட்கார்ந்துவிட்டது. கூட்டமான பேருந்தில் "இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க" என்று நடத்துனர் சொன்னால் நெருங்குகிறோமே, அது மாதிரி.

நெருக்கியது எது? தண்ணீரின் எடை. தரையில் நிற்கும்போது நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் போதும், மேலே உள்ள தண்ணீர் இன்னொரு மடங்கு அழுத்தத்தைச் சேர்த்துவிடும். வானம் வரை இருக்கும் காற்றும் வெறும் பத்து மீட்டர் தண்ணீரும் ஒரே எடை! பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு என்று அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காற்றின் பருமனோ பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று சுருங்கிக்கொண்டே வரும். ராபர்ட் பாயில் 1662-ல் சொன்ன விதி இது. பத்தாம் வகுப்புப் பக்கம் போனால் தேர்வுக்கே வரும்.

இனி முத்துக் குளிப்பவரைப் பாருங்கள். அவர் நுரையீரலை நிரப்பியது மேலே, படகருகில். அந்தக் காற்று இறங்க இறங்கச் சுருங்கியது. ஏற ஏற விரிந்து, மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவந்தார். கணக்கு சரி.

ஸ்கூபாக்காரர் மூச்சு இழுப்பது கீழே. பத்து மீட்டர் ஆழத்தில் அவர் நெஞ்சு நிறைய ஆறு லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வையுங்கள். அது ஏற்கெனவே நெருக்கி அடைத்த காற்று. வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அந்த ஆறு லிட்டர் பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் ஏது? மிக மெல்லிய அதன் காற்றுப் பைகள் கிழியும். அந்த வழியாகக் காற்று ரத்தத்தில் புகுந்து, குமிழியாக மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இதற்கு ஆழ்கடல்கூட வேண்டாம். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். நம் மார்பளவுத் தண்ணீர்தான் அது.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். இருபதிலிருந்து பத்துக்கு வரும்போது ஒன்றரை மடங்காகும். கடைசிப் பத்து மீட்டரிலோ இரட்டிப்பாகிவிடும். அதாவது, வெளிச்சம் தெரிய ஆரம்பித்து, "அப்பாடா, வந்துவிட்டோம்" என்று நினைக்கும் இடம்தான் அதிக ஆபத்தானது.

"கீழே போய் எதற்கு அழுத்தக் காற்றை இழுக்க வேண்டும்? மேலேயிருந்து ஒரு குழாய் போட்டு உறிஞ்சினால் போதாதா?" என்று ஒரு சுட்டிப் பெண் என்னைக் கேட்டாள். சினிமாவில் பப்பாளித் தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்துக்குள் ஒளிந்திருக்கும் கதாநாயகனைப் பார்த்திருப்பாள்! ஒரு சாண் ஆழத்தில் அது நடக்கும். ஒரு மீட்டர் போய்விட்டாலே வெளியிலிருந்து தண்ணீர் நெஞ்சை அழுத்தும் அழுத்தத்தை மீறி மார்பை விரிக்க நம் தசைகளுக்கு வலு போதாது. அதனால், எந்த ஆழமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்று வாய்க்கு வர வேண்டும். அதைச் செய்யும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ஸ்கூபாவின் உயிர்நாடி அந்தச் சின்னக் கருவிதான்.

சரி, முதுகில் இருக்கும் உருளைக்குள் என்ன இருக்கிறது? எந்தப் பள்ளியில் கேட்டாலும் எல்லாக் கையும் உயரும். "ஆக்சிஜன்!" தப்பு. நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கும் இதே சாதாரணக் காற்றுதான். தூசியும் ஈரமும் நீக்கி, அமுக்கி அடைத்திருப்பார்கள். ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். தூய ஆக்சிஜனை ஆழத்துக்குக் கொண்டுபோனால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். இந்த நைட்ரஜனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

ஒரு சாதாரண உருளையின் கொள்ளளவு 11 லிட்டர். நம் தண்ணீர்க் கேனில் பாதி. அதற்குள் காற்றை 200 மடங்கு அமுக்கி அடைக்கிறார்கள். ஆக 2,200 லிட்டர். ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுத்துவிடுகிறார் என்றால், நீர்மட்டத்தில் இது 110 நிமிடம் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாவதால் 55 நிமிடம். இருபது மீட்டரில் 36 நிமிடம்தான். பயந்துபோய் மூச்சு வாங்கினால் அதுவும் பாதியாகும். பயத்துக்கு இப்படி நிமிடக் கணக்கில் விலை போட்டுக் காட்டும் விளையாட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதனால்தான் உருளையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீட்டரை அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். 50 பார், அதாவது கால் உருளைக் காற்று, மிச்சமிருக்கும்போதே மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. குகைகளுக்குள் முக்குளிப்பவர்களோ இன்னும் கறார். மூன்றில் ஒரு பங்கு காற்று போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கு அவசரத்துக்கு.

இவ்வளவு பார்த்தும் காற்று தீர்ந்துவிட்டால்? அதற்கும் வழி உண்டு. தண்ணீருக்குள் கத்த முடியாது. கையால்தான் பேச வேண்டும். உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பது போலக் காட்டினால் 'என்னிடம் காற்று இல்லை' என்று அர்த்தம். உடனே கூட்டாளி தன்னிடம் இருக்கும் உபரி ரெகுலேட்டரை நீட்டுவார். எல்லாரிடமும் அப்படி இரண்டாவது வாய்க்கருவி ஒன்று இருக்கும். பதற்றத்திலும் சட்டென்று கண்ணில் படட்டும் என்று பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்திருப்பார்கள். அதைக் கடித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி, முகம் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே வருவார்கள்.

கூட்டாளி எட்டாத தூரத்தில் இருந்து, ஆழமும் குறைவாக இருந்தால் கடைசி வழி ஒன்று. தலையை நிமிர்த்தி, 'ஆ...' என்று ராகம் இழுத்துக்கொண்டே நீந்தி மேலே வர வேண்டும். 'ஆ' சொல்லும்போது தொண்டை திறந்திருக்கும். விரியும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். வழியிலேயே மூச்சு தீர்ந்துவிடாதா? தீராது. ஏற ஏற நெஞ்சில் இருக்கும் காற்று விரிந்து, பாடுவதற்கு மேலும் மேலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பயிற்சியில் நான் பாடிய 'ஆ' எந்த ராகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கை மொழியில் இன்னொன்று: நாம் 'சூப்பர்' என்பதற்குக் கட்டை விரலை உயர்த்துகிறோம் அல்லவா? கடலுக்குள் அப்படிக் காட்டினால் 'மேலே போகலாம், முடித்துக்கொள்வோம்' என்று பொருள். மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டை விரலை உயர்த்தினால் மொத்தக் குழுவும் கிளம்பிவிடும். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இனி என் மானம் போன கதை. ஒரு நாள் கடலில் எட்டு மீட்டர் ஆழத்தில் மணல் தரையில் முழந்தாளிட்டிருந்தோம். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று பயிற்சி. நானே கண்ணாடியைக் கொஞ்சம் விலக்கித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். பிறகு கண்ணாடியின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, நிமிர்ந்து பார்த்து, மூக்கால் காற்றை ஊத வேண்டும். ஊதிய காற்று தண்ணீரைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிடும். கேட்க எளிது. செய்தபோது குளிர்ந்த உப்புத் தண்ணீர் மூக்கில் சுரீரென்று ஏறியது. கண் எரிந்தது, எதுவும் தெரியவில்லை. வாயில் ரெகுலேட்டர் இருந்தது. அதில் காற்றும் வந்துகொண்டிருந்தது. மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கிணற்றில் பழகிய கால்கள் என்னைக் கேட்காமலேயே தரையை உதைத்தன.

பயிற்சியாளர் இதை எதிர்பார்த்திருக்கிறார். என் தோள்பட்டை வாரைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்காரவைத்தார். மங்கலாக ஒரு உள்ளங்கை என் முகத்துக்கு நேராகத் தெரிந்தது: நில். பிறகு அந்தக் கை மெதுவாக நெஞ்சுக்குப் போய், நெஞ்சிலிருந்து வெளியே போயிற்று: மூச்சு விடு. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. மூக்கால் ஊதினேன். தண்ணீர் இறங்கியது. எதிரே அவர் முகம் தெரிந்தது. கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

எட்டு மீட்டரை நான் எட்டு வினாடியில் தாண்டியிருப்பேன். பயத்தில் வாயை இறுக மூடியிருந்தால் நெஞ்சுக் காற்று ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் விரிந்திருக்கும். கண்ணாடியில் புகுந்த அரை டம்ளர் தண்ணீர் ஒருபோதும் என்னைக் கொன்றிருக்காது. தப்பித்து ஓடியிருந்தால் அந்த ஓட்டம் கொன்றிருக்கும். தமிழில் ஆபத்து வந்தாலும் 'அவசரம்' என்கிறோம், பரபரப்பாக ஓடினாலும் 'அவசரம்' என்கிறோம். கடலுக்குள் இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்தவர்தான் நல்ல முக்குளிப்பாளர். அவர்கள் நான்கு சொல்லை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: நில், மூச்சு விடு, யோசி, செய். 'செய்' கடைசியில்தான் வருகிறது, கவனித்தீர்களா?

பதற்றம் எவ்வளவு பெரிய எதிரி என்பதை உலகமே ஒரு முறை பார்த்தது. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தில் 12 சிறுவர்கள் தங்கள் கால்பந்துப் பயிற்சியாளருடன் தாம் லுவாங் என்ற குகைக்குள் போனார்கள். மழை வெள்ளம் குகைக்குள் புகுந்து வழியை அடைத்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 2 அன்று, ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை முக்குளிப்பாளர்கள் அவர்களை உயிரோடு கண்டுபிடித்தார்கள். ஆனால் வெளியே கொண்டுவருவது எப்படி? கலங்கிய நீர், இருட்டு, இடுக்குப் பாறைகள். தேர்ந்த முக்குளிப்பாளர்களுக்கே கடினம். ஸ்கூபாவையே பார்த்திராத ஒரு சிறுவன் நடுவழியில் பயந்து முகமூடியைப் பிடுங்கிவிட்டால் அவனும் போய்விடுவான், கூட வருபவரும் போய்விடுவார்.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு வியப்பானது. முக்குளிக்கவும் தெரிந்த மயக்க மருத்துவரான ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஹாரிஸ், ஒவ்வொரு சிறுவனுக்கும் மயக்க மருந்து கொடுத்தார். முகம் முழுவதையும் மூடும் முகமூடி மாட்டி, தூங்கும் பிள்ளையைத் தூக்கிவருவது போல ஒவ்வொருவராக நீருக்குள் இழுத்துவந்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் பதின்மூன்று பேரும் வெளியே வந்தார்கள். பயத்தை அடக்கச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. அதனால் பயத்தையே தூங்கவைத்துவிட்டார்கள். உலகத்தின் வேறெந்த முக்குளிப்புக்கும் இந்த வழி ஆகாது. இதற்கு முன்பே, ஜூலை 6 அன்று, தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நினைவிழந்து இறந்துபோனார். அவர் பெயரையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நைட்ரஜனுக்கு வருகிறேன் என்றேன். ஒரு கோலி சோடா வாங்குங்கள். மூடியிருக்கும்போது உள்ளே குமிழி தெரியாது. தண்ணீர் மாதிரி அமைதியாக இருக்கும். கோலியை அழுத்தியதும் 'புஸ்ஸ்' என்று பொங்கும். அழுத்தத்தால் கரைந்து கிடந்த வாயு, அழுத்தம் சட்டென்று குறைந்ததும் குமிழியாகிவிட்டது. பிளாஸ்டிக் சோடா பாட்டிலின் திருகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள், பொங்காது.

ஆழத்தில் நம் உடம்பும் ஒரு சோடா பாட்டில்தான். நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் அங்கே ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரையும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு மூச்சாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் கோலி சோடா கதைதான். மூட்டில் குமிழி கட்டினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் கட்டினால் கைகால் விளங்காமலே போகலாம். வலியில் உடம்பை வளைத்து வளைத்து நடந்ததால் தொழிலாளர்கள் இதற்கு 'பெண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். தொழிலாளர்களா? ஆமாம், இந்த நோய் முதலில் பரவலாகத் தெரியவந்தது பாலம் கட்டியவர்களிடம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இருந்து அஸ்திவாரம் தோண்டினார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கே 1872-ல் நோயில் விழுந்தார். அவர் மனைவி எமிலிதான் பணித்தலத்தில் அவருக்கு வாயாகவும் கண்ணாகவும் இருந்து வேலையை நடத்திவைத்தார். பாலம் 1883-ல் திறக்கப்பட்டது.

எவ்வளவு மெதுவாக வந்தால் பாதுகாப்பு? இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை ஆடுகள்! பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜே.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்து, விதவிதமான வேகத்தில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். மூட்டு வலித்தால் ஆடு பேசாது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று வர வேண்டும் என்று அட்டவணை போட்டு 1908-ல் வெளியிட்டார். கடலிலும் சோதனை நடந்தது. அப்போது ஹால்டேன் தன் 13 வயது மகனுக்கும் முக்குளிப்பு உடையை மாட்டி இறக்கிவிட்டார். உடை தொளதொளவென்று இருந்ததில் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, பையன் பதறவில்லை. அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய மரபியல் அறிஞரான ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் மறைந்தார்.

இன்றைய முக்குளிப்பாளர்கள் பொதுவாக நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் எடுப்பதில்லை. ஐந்து மீட்டர் ஆழம் வந்ததும் மூன்று நிமிடம் சும்மா நிற்பார்கள். மேலே படகு தெரியும், வெயில் தெரியும், பசிக்கும். ஆனாலும் நிற்பார்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்க மணிக்கட்டில் ஒரு குட்டிக் கணினி இருக்கும். கடைசி முக்குளிப்பு முடிந்து பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏற மாட்டார்கள். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு, அதனால்தான். இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது மூட்டு வலியோ மரத்துப்போதலோ வந்தால் படுக்கவைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மறுபடி அழுத்தத்தை ஏற்றி, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். மேலே வந்து பல மணி நேரம் கழித்தும் வலி வரலாம்.

நம் மன்னார் வளைகுடாவில் இன்று சங்கு குளிக்கும் சிலர் படகில் கம்ப்ரஸர் வைத்து, நீண்ட ரப்பர் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். தாத்தா மூச்சை அடக்கி இறங்கியது வேறு, பேரன் கம்ப்ரஸர் காற்றில் இறங்குவது வேறு. தாத்தா ஒரு முழுக்கில் கொண்டுபோனது ஒரே ஒரு மூச்சு நைட்ரஜன். பேரன் உடம்பிலோ நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகிறது. மேலே வந்து முட்டி வலிக்கிறது என்றால் அது தைலம் தேய்த்துப் போகும் வலி இல்லை. உங்களில் யாருடைய அப்பாவோ சித்தப்பாவோ அந்தத் தொழிலில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக்காட்டுங்கள்.

கிணற்றில் வந்த என் காது வலியை மறந்துவிட்டேனே! காதுக்குள்ளும் ஒரு துளி காற்றறை இருக்கிறது. அது சுருங்கும்போது செவிப்பறை உள்பக்கமாக இழுபடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியே காற்று போய் வலி நீங்கும். வலித்த பிறகு ஊதுவதைவிட, இறங்க ஆரம்பித்த உடனேயே ஊதிக்கொண்டு போவது நல்லது. வலி போகவில்லையா, கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முக்குளிப்பு இல்லை. கிணற்றில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு பிடி சேறு எடுத்திருப்பேன்.

முப்பது மீட்டருக்குக் கீழே போனால் நைட்ரஜன் இன்னொரு சேட்டையும் செய்யும். மது குடித்தவர் மாதிரி மயக்கம் தரும். காரணமில்லாமல் சிரிப்பு வரும், மீட்டர் பார்க்க மறந்துபோகும். சில மீட்டர் மேலே வந்தால் தானே தெளிந்துவிடும்.

இதுவரை சொன்னது ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று. ஆனால் கடலில் நடக்கும் பல அவசரங்கள் கரையிலேயே பிறந்துவிடுகின்றன. அதனால் தண்ணீரில் இறங்கும் முன் கூட்டாளிகள் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் இரண்டு மூன்று மூச்சு இழுக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் உருளையின் குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் 'துடுக் துடுக்'கென்று கீழே விழுந்து எழுந்தால், யாரோ அதைப் பாதிதான் திறந்திருக்கிறார்கள். கரையில் அது பாதித் திறப்பு. இருபது மீட்டரில் அது மூச்சுத் திணறல். மூன்று மூச்சில் கண்டுபிடித்துவிடலாம்.

கூட்டாளி இல்லாமல் இறங்குவதே இல்லை. முத்துக் குளிக்கும் காலத்தில் மேலே கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மச்சானாகத்தான் இருப்பார் என்று சொல்வார்கள். அக்கா தங்கை தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறதே, கண் அசருவாரா? ஸ்கூபா பயிற்சியில் மச்சானைத் தேடச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரை மச்சான் மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நீங்கள் எப்போது இறங்கலாம்? பல பயிற்சி அமைப்புகள் பத்து வயதிலிருந்தே கற்றுத்தருகின்றன. பெரியவர் துணையும் குறைந்த ஆழமும் கட்டாயம். முதலில் நீச்சலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கிணற்றில், குளத்தில் பெரியவர்கள் இல்லாமல் இறங்காதீர்கள்.

அதுவரை உங்களுக்கு ஒரு கணக்கு. நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பலூனில் ஒரு லிட்டர் காற்றை ஊதிக் கட்டி மேலே விடுகிறோம். நீர்மட்டத்துக்கு வரும்போது அது எத்தனை லிட்டராகும்? முப்பது, இருபது, பத்து மீட்டர்களில் எவ்வளவு இருக்கும்? நான்கு விடைகளையும், கடைசிப் பத்து மீட்டரில் மட்டும் எத்தனை லிட்டர் கூடியது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பலூன் வழியில் வெடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.